நர்ஸம்மா கெடுத்த கியர்பாக்ஸ்

அந்தத் தெருவில் டெய்லர் என்று சொன்னால் போதும், சின்னக் குழந்தைகூடக் கடையைக் காட்டிவிடும். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், சுவரோரம் வெட்டும் மேஜை, மேஜைக்கு அடியில் துண்டுத் துணிக் குவியல். டெய்லரின் கழுத்தில் தொங்கும் டேப் குளிக்கப் போகும்போது மட்டும்தான் இறங்கும். சுத்தமான கை. அவர் தைத்த பேண்ட்டில் தையல் கோணியது என்று யாரும் திரும்பி வந்தது கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம். இடுப்பளவு எடுக்கும்போதே, வீட்டில் சமையல் இப்போது நன்றாக இருக்கிறது போல என்று ஒரு போடு போடுவார். வந்தவரும் சிரித்துக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். ஊரையே கேலி செய்கிற அந்த மனுஷர், தன்னை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மட்டும் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இந்தக் குணம் இல்லாமல் இருந்திருந்தால் இவரைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருந்திருக்காது.

மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவுக்கு நர்ஸம்மா. ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று பெயர் வாங்கியவள். முன்பெல்லாம் அவளுக்கு வெளிவேலை. எழுந்து நடமாட முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் வீடுகளுக்குப் போய், கட்டு மாற்றி, ஊசி போட்டு, புண் வந்திருக்கிறதா என்று முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்காகத்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வார்டில் தான் வெறும் நர்ஸ், அந்த வீடுகளிலோ கதவு திறக்கும்போதே முகம் மலர்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

வண்டி பழசு. நர்ஸம்மாவின் அண்ணன், அதாவது டெய்லருக்கு மச்சான், பல வருஷம் ஓட்டிவிட்டு, கார் வாங்கியபோது தங்கை வீட்டுக்குக் கொடுத்தது. கொடுத்துவிட்டாரே தவிர மனசு வண்டியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். வாசலில் நிற்கும் வண்டியைத் தட்டிக்கொடுத்து, ஆயில் மாற்றினீர்களா, செயின் தொளதொளவென்று கிடக்கிறதே என்று விசாரித்து முடித்த பிறகுதான் உள்ளே வந்து தங்கையை விசாரிப்பார். தனக்குக் கட்டிக்கொடுத்தது தங்கையையா வண்டியையா என்று டெய்லருக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

பழகிய புதிதில் நர்ஸம்மா கியர் மாற்றினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கிளட்சை முழுசாகப் பிடிக்காமல் மிதிப்பாள், உள்ளே பற்கள் கர்ரென்று கத்தும். டெய்லர் மெஷினில் உட்கார்ந்தபடியே காதைப் பொத்திக்கொண்டு போகிறவர் வருகிறவரைச் சிரிக்க வைப்பார். அதெல்லாம் முதல் சில வாரங்கள்தான். பிறகு சத்தம் நின்றுவிட்டது. சத்தம் வந்ததைக் கவனித்தவர்கள் யாரும் அது நின்றதைக் கவனிக்கவில்லை. ஒன்று மட்டும் மாறவே இல்லை. மூன்றாவது கியருக்கு மேல் அவள் போனது கிடையாது. சந்துகளில் வீடு வீடாக நின்று நின்று போகிறவளுக்கு நான்காவது, டாப் கியர் எதற்கு? அது டெய்லருக்குத்தான் வேண்டும். வாரா வாரம் ஊருக்கு வெளியே இருக்கும் துணிச் சந்தைக்குப் போவார். லைனிங், நூல்கண்டு, ஜிப், பட்டன் எல்லாம் அங்கேதான் மலிவு. மெயின் ரோட்டில் ஏறி டாப் போட்டாரென்றால் சந்தை வாசலில்தான் குறைப்பார்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள், டாப் கியர் தானாகவே படாரென்று கழன்றுகொண்டது. இன்ஜின் வீலென்று கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, பின்னால் ஒரு லாரி. லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடியே முழங்கையை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனார். டெய்லருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பயமெல்லாம் கோபமாக மாறியிருந்தது. அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து, கிளட்ச் பிடிக்காமல் மிதித்து மிதித்துப் பல்லையெல்லாம் தேய்த்துவிட்டாய், இன்றைக்கு என்னை லாரிக்குக் கொடுக்கப் பார்த்தாய் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் கேட்டார். புதிதாக யாராவது ஓட்டிப் பழகினால் அப்படி ஆவது உண்டு என்று அவர் வண்டியைப் பார்க்காமலே சொல்லிவைத்தார். டெய்லருக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார், கேட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊசி போடுற நர்ஸுன்னு நெனச்சா, பல்லு பிடுங்குற டாக்டரால்ல ஆயிட்ட" என்றார். அதற்கு அவரைவிட அதிகம் சிரித்தவர் டெய்லர்தான். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மிக்ஸி நின்றுபோனால் பல் டாக்டர் தொட்டாரா என்று கேட்பார். குழாய் ஒழுகினால் பல் டாக்டரைக் கூப்பிடு என்பார். அளவு கொடுக்க வந்தவர்களுக்கும் இந்தக் கதை இலவசமாகக் கிடைத்தது. நர்ஸம்மாவும் கூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை மெஷினுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள், மறுபடி அதை எடுக்கவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டு வார்டுக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸில் போய் வர ஆரம்பித்தாள். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது, வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன் வா என்று டெய்லர் கூப்பிட்டார். தனக்கும் அம்மாவின் கால்தான், வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்கும் வீடே சிரித்தது.

வருஷங்கள் போயின. டாப் கியர் கழன்றுகொண்டேதான் இருந்தது. டெய்லர் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். இடது கால் நுனியால் லீவரை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டினால் கழலாது. நீ கெடுத்ததை நான் காலால் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவியிடம் பெருமை வேறு. கடைசியில் அந்த வைத்தியமும் பலிக்காமல் போய், வண்டி டாப்பில் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிற தனக்கு ஒரு கியர்பாக்ஸ் எம்மாத்திரம் என்று, ஞாயிற்றுக்கிழமை தானே வீட்டில் பிரித்துப் பார்க்க முடிவு செய்தார்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே நர்ஸம்மா ஒரு சேதி சொன்னாள். ஆஸ்பத்திரியில் வெளிவேலைக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள். பெரிய நர்ஸ் முதலில் இவளைத்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். சொந்த வண்டியில் போய்வர வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

"நீ என்ன சொன்ன?" என்றார் டெய்லர்.

"எனக்கும் மெஷினுக்கும் ஆகாதுன்னுதான் ஊருக்கே தெரியுமே. முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்று சொல்லி, அவருடைய சட்டைக் காலரை நீவிவிட்டு மடிப்புக்குள் வைத்தாள். குரலில் வருத்தம் இருந்தது. டெய்லர் அதைக் கேட்டார், கேட்காத மாதிரி உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு வேறு வேலை இருந்ததால் அவர் வரவில்லை. பின்பக்கம் துணி துவைக்கிற சிமெண்ட் தரையில் பழைய போர்வையை விரித்து, டெய்லர் வண்டியைப் படுக்கவைக்காத குறையாகச் சாய்த்து நிறுத்தி வேலையைத் தொடங்கினார். ஆயிலை ஒரு பழைய பேசினில் வடித்தார். அந்த ரக வண்டியில் இன்ஜினை இறக்காமலே பக்கவாட்டு மூடியைக் கழற்றி கியர்பாக்ஸைப் பார்த்துவிடலாம். மூடியின் வடிவத்தை ஓர் அட்டையில் தையல் சாக்பீஸால் வரைந்து, எந்த போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்திவைத்தார். வாஷர்களுக்கு அவருடைய பட்டன் டப்பா. பேண்ட்டைப் பிரித்துத் தைக்கிறவருக்கு எது எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் வைப்பது பழகிப்போன விஷயம். வேலை அருமையாகப் போனது, விசில்கூட அடித்தார்.

உள்ளே இருந்த கியர்களை ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குத் தோதாக, மொட்டையாகத் தேய்ந்த பற்களைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. முதல் கியர் ஒழுங்காக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாவற்றிலும் பற்கள் வரிசையாக, விளிம்பு கெடாமல் மின்னின. கெட்டுப்போயிருந்தது வேறு ஒன்று.

கவட்டை மாதிரி இரண்டு கால் வைத்த ஓர் இரும்புத் துண்டு அது. மெக்கானிக்குகள் ஃபோர்க் என்பார்கள். காலால் லீவரை மிதித்தால் உள்ளே இந்த ஃபோர்க்தான் கியரைப் பக்கவாட்டில் தள்ளி மாட்டிவிடும். மாட்டியதும் அதன் வேலை முடிந்தது, சும்மா இருக்க வேண்டும். மூன்றாவது கியருக்கும் டாப்புக்கும் சேர்த்து ஒரே ஃபோர்க். மூன்றாவதுக்குத் தள்ளுகிற பக்கம் புதுசு போல இருந்தது. டாப்புக்குத் தள்ளுகிற பக்கம் பாதியாகத் தேய்ந்து, சூட்டில் கன்றி, நீலம் பாய்ந்திருந்தது. அயர்ன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டால் துணியில் விழுமே, அப்படி ஒரு கறை. தேய்ந்த ஃபோர்க்கால் கியரை முழுசாகத் தள்ள முடியாமல், அது அரைகுறையாக மாட்டி, டாப் கியரில் அது மாட்டுகிற இடத்தின் மூலையும் மழுங்கியிருந்தது. அதனால்தான் கழன்றது.

சுழல்கிற கியரோடு ஒட்டி உரசினால்தான் இரும்பு இப்படிச் சுடும். லீவரை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அது உரசும். அதுவும் டாப் கியரில். டெய்லர் ஃபோர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழல்வது டாப்பில் மட்டும் என்பது அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். அவள் டாப்பைத் தொட்டதே இல்லை என்பதும் தெரியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் அவருக்கு ஒரு நாளும் நேரம் கிடைக்கவில்லை. விசில் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"ரொம்பக் கெட்டுப்போச்சா?" என்று உள்ளே இருந்து நர்ஸம்மா கேட்டாள். பயந்த குரல். பரீட்சைத் தாள் திருத்தி வந்ததா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டு, ஃபோர்க்கைத் துணியில் சுற்றிப் பட்டன் டப்பாவுக்கு அடியில் தள்ளினார். மாற்றிப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று உறுதியான பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். இதையே மனசுக்குள் பல தடவை சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் நர்ஸம்மா பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, டெய்லர் வாயைத் திறந்தார், பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டு மூடிக்கொண்டார். மெஷினில் உட்கார்ந்தார். ஒருவேளை இரும்பே மட்டமான இரும்பாக இருக்கலாம். ஒருவேளை மச்சான் ஓட்டிய காலத்திலேயே தேய்ந்திருக்கலாம். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு, ஊசியை நிறுத்தி நூலைக் கத்தரிக்கக் குனிந்தபோது தன் இடது கால் கண்ணில் பட்டது. மெஷின் ஓடவில்லை, ஆனால் கால் நுனி பெடல் மேல் லேசாக அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எடுத்தார். அடுத்த மடிப்பைச் சரிசெய்து முடிப்பதற்குள் கால் மறுபடி அங்கே போயிருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அந்தக் கால் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. லீவரை அழுத்திப் பிடிப்பது, கியர் கழல ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுமில்லை. வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தே அவர் கால் லீவர் மேல்தான் இருந்திருக்கிறது. தப்பிக்க இனி இடமில்லை.

மத்தியானம் உதிரிபாகக் கடைக்குப் போய்ப் பழைய ஃபோர்க்கையும் மழுங்கிய கியரையும் மேஜையில் வைத்தார். கடைக்காரர் ஃபோர்க்கைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"யாரு சார் இந்தப் பாடு படுத்தினது? வீட்ல அம்மா ஓட்டிப் பழகினாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பக்கத்தில் பிரேக் கேபிள் வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். டெய்லரின் வாய் அவரைக் கேட்காமலே, "ஆமா, வீட்டுக்காரம்மாதான்" என்று சொல்லிவிட்டது. நான்கு பேரும் சிரித்தார்கள், நான்காவது ஆள் டெய்லர். புது ஃபோர்க்கையும் கியரையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். இதுவரை சொன்னதையெல்லாம் தெரியாமல் சொன்னேன் என்று தள்ளிவிடலாம். இது தெரிந்தே சொன்னது. சே, நானும் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தார். எதிரே வந்த ஒருவர் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் நர்ஸம்மா வந்தாள், சமைத்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். பதில் சொல்லிவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தானும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார ஓய்வு. பின்பக்கம் டெய்லர் தனியாக மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். கியர்கள் கழன்று வராமல் பிடித்துக்கொள்ள, தண்டின் மேல் ஒரு வளையத்தை விரித்து மாட்ட வேண்டும். லாக் என்பார்கள். டெய்லர் விரிக்க விரிக்க அது எகிறிக் குதித்து ஆயிலில் போய் விழுந்தது. அவள் எழுந்து போய், வீட்டில் இருந்த பழைய ஆஸ்பத்திரி இடுக்கியை எடுத்து வந்தாள். ஒரே பிடி. லாக் தன் இடத்தில் கிளிக்கென்று போய் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. டெய்லர் மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங் அட்டையை அளவெடுத்து, சாக்பீஸ் கோடு போட்டு, தன் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். துளைக்குத் துளை கச்சிதமாகப் பொருந்தியது. இப்படி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

கழுவி வைத்திருந்த பழைய பாகங்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கெடுத்தது எதுங்க?" என்றாள். "காட்டுங்க, பாத்துக்கறேன். இத்தன வருஷமா பேரு மட்டும்தானே கேட்டிருக்கேன்."

கத்தரி நின்றது. அவளே தண்டைத் தூக்கி, அதில் மாட்டியிருந்த கியர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, காயத்தைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

டெய்லர் பட்டன் டப்பாவைத் திறந்தார். பழைய ஃபோர்க்கைத் துணியிலிருந்து பிரித்து அவள் கையில் வைத்தார். எந்தப் பக்கம் எதற்குத் தள்ளும், நீலம் ஏன் பாய்ந்திருக்கிறது, கால் எடுக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் டாப் போட்டதே இல்லையே" என்றாள் அவள், மெதுவாக.

"தெரியும். நீ கெடுக்கல. நான்தான். என் கால்தான்."

"எப்போ தெரிஞ்சுது?"

அவள் திட்டுவாள், அழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தார். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழம."

அவள் ஃபோர்க்கைப் போர்வையின் மேல் வைத்தாள்.

"நான் திங்கட்கிழம சாயங்காலம்தாங்க முடியாதுன்னு சொன்னேன்."

டெய்லரால் நிமிர முடியவில்லை. வருஷக்கணக்காகச் சொன்ன கேலியை அறியாமல் செய்தது என்று அவள் மன்னித்தாலும் மன்னிக்கலாம். நடுவில் போன அந்த ஒரு நாளுக்கு அவரிடம் எந்தச் சாக்கும் இல்லை. மன்னிச்சிடும்மா என்றார். அந்த வார்த்தை அவருக்கே போதாமல் இருந்தது. கடையில் சொன்ன பொய்யையும் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் மூட்டையைப் பிரித்த பிறகு பாதியை உள்ளே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அவள் அட்டையிலிருந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் முடுக்கினார். ஆயில் ஊற்றினார். கிக்கரை உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. நிறுத்திவிட்டுச் சாவியைக் கொண்டுபோய் வழக்கமான ஆணியில் மாட்டினார்.

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, மெஷினுக்கு மேலே ஆணியிலிருந்த சாவியை எடுத்தாள். எங்கே என்று டெய்லர் கேட்கவில்லை. வாசலில் நின்று காதால் பின்தொடர்ந்தார். முதல் கியர், இரண்டாவது, தெருமுனையில் மூன்றாவது. ஒரு சின்னக் கர்ரும் இல்லை. வண்டி மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியது, அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு பேண்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், ஒரு தையலும் ஓடவில்லை. லாரி, பஸ், அவள் தனியாக, இத்தனை வருஷம் கழித்து. இப்போது அவளுக்கு ஏதாவது ஆனால் அதுவும் தன் தலையில்தான் என்று நினைத்தார்.

அவள் திரும்பி வந்து ஸ்டாண்டைப் போட்டாள். காற்றில் முடி கலைந்திருந்தது. முகத்தைப் பார்த்து அவரால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். இன்னைக்குக் காலையிலதான் வேற ஒருத்தியப் போட்டாங்களாம். இனிமே இடம் வந்தா சொல்றேன்னாங்க" என்றாள். உள்ளே போகும்போது, நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்கிற குரலில் சொன்னாள்: "வண்டி நல்லா இருக்கு. டாப் நிக்குது."

அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார் டெய்லர். போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று மட்டும் மகள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வழக்கம்போல் வண்டியைத் தட்டிக்கொடுத்தார், கியர்பாக்ஸ் சரியாகிவிட்டது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார், சாப்பிட உட்கார்ந்ததும் பல் டாக்டர் எத்தனை பல் பிடுங்கியிருந்தார் என்று ஆரம்பித்தார். டெய்லர் சாப்பிடுகிற கையை எடுத்துவிட்டு, அவள் ஒரு பல்லையும் தொடவில்லை, எல்லாம் என்னால்தான் என்று தொடக்கத்திலிருந்து சொன்னார். ஃபோர்க்கைக் கொண்டுவந்து காட்டினார். தன் காலைத் தூக்கிக்கூடக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைத் தானே நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார், முகம் எரிந்தது.

மச்சான் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, அவர் தோளில் தட்டினார்.

"எனக்குப் புரியுது மாப்பிள்ள. எந்தங்கச்சி மனசு நோகக்கூடாதுன்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்க. தங்கமான மனுஷன்யா நீங்க." பிறகு தங்கையைப் பார்த்து, "உனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கும்மா வாய்க்கும்?" என்றார்.

டெய்லருக்கு ஓங்கி ஓர் அறை வாங்கிய மாதிரி இருந்தது. இல்லை மச்சான், நிஜமாகத்தான் என்று அவர் சொல்லச் சொல்ல, மச்சான் இன்னும் நெகிழ்ந்துபோனார். பொய்யை ஒரே சிரிப்பில் நம்பியவர் அவர். உண்மையை எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை, அதற்குப் பரிசாகப் பாராட்டு வேறு கொடுத்துவிட்டுப் போனார். கார் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பல் டாக்டரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார்.

கதவைச் சாத்திவிட்டு டெய்லர் மனைவியின் பக்கம் திரும்பினார். "சொன்னேனே, பாத்தல்ல? நம்ப மாட்டேங்கறாரே, நான் என்ன பண்றது?"

நர்ஸம்மா கடையில் நின்றிருந்தாள். சாவி இப்போது அவள் பையில் இருந்ததால் மெஷினுக்கு மேலே ஆணி காலியாக இருந்தது. காஜா நூலில் ஒரு முழம் அறுத்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே கோத்து, அவிழாத முடிச்சாகப் போட்டு, அந்த ஆணியில் மாட்டினாள். உள்ளே நுழைகிற யார் கண்ணிலும் முதலில் அதுதான் படும்.

"நம்பற வரைக்கும் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலையில், பேண்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொண்டுவந்த ஒருவர், அளவு கொடுக்க நிமிர்ந்தபோது ஆணியைப் பார்த்துவிட்டு, இது என்ன டெய்லர், புது ஹேங்கரா என்று சிரித்தார். மெஷினில் உட்கார்ந்திருந்த டெய்லர் கத்தரியை மெஷின் மேல் வைத்தார். கீழே குனிந்து பார்த்தார். கால் பெடல் மேல்தான் இருந்தது. அதை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி, வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.